காப்பகத்தின் வாயிலில்

நுழையுமுன்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் குடும்பங்கள், வீட்டில் வளரும் நாயையோ பூனையையோ செல்லப்பிராணிக் காப்பகத்தில் விட்டுச் செல்வது பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. பல வீட்டுப் பிராணிகள் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்குகின்றன. அவற்றை உள்ளே சேர்க்குமுன் நடைபெற வேண்டிய மருத்துவ ஆய்வைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

பாடப்பகுதி

தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ செல்பவர்களுக்கு அதன்மேல் இன்னோர் இரவு. நாயை ரயிலில் அழைத்துச் செல்லவே இயலாது என்பதில்லை. முதல் வகுப்பில் தனியறையை முழுமையாகப் பதிவு செய்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில் காவலர் பெட்டியிலுள்ள கூண்டில் ஏற்றலாம். தனியறை எளிதில் கிடைப்பதில்லை. மே மாத வெயிலில் நாட்டின் நடுப்பகுதியைக் கூண்டுக்குள் அடைபட்டுக் கடப்பது நாய்க்குப் பெருந்துன்பம். ஆகவே பலரும் காப்பகத்தை நாடுகின்றனர்.

மணி என்னும் ஐந்து மாத நாய்க்குட்டி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதன் வீட்டார் அன்றிரவு ரயிலேற வேண்டும். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மாலையில் மணியைக் காப்பகத்திற்கு அழைத்து வருகின்றனர். குட்டி வாலை ஆட்டுகிறது. கயிற்றைக் கடித்து இழுக்கிறது. நோயின் அறிகுறி ஏதும் இல்லை. வாயிலில் இருக்கும் கால்நடை மருத்துவர் முதலில் குட்டியைத் தொடவில்லை. அதன் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார். அட்டையில் ஒரே ஒரு பதிவு இருக்கிறது: எட்டாவது வாரத்தில் போடப்பட்ட ஊசி.

“ஊசி போட்டாகிவிட்டதே” என்கின்றனர் வீட்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்த ஓர் ஊசி போதாது. அதன் காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த குட்டி முதல் பாலான சீம்பாலோடு தாயின் எதிர்ப்பொருள்களையும் பெறுகிறது. அவை சில வாரங்கள் குட்டியைக் காக்கின்றன. அதேவேளையில், தடுப்பூசி மருந்தையும் பகையெனக் கருதி அழித்துவிடுகின்றன. தாய் தந்த காவல் எந்த வாரத்தில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனாலேயே ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குறைந்தது பதினாறாவது வாரம் வரையில் தடுப்பூசியை மீண்டும் மீண்டும் போட வேண்டும் என்பது மருத்துவ விதி. மணிக்குத் தாயின் காவல் நீங்கியிருக்கும். ஊசியின் காவலோ வந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது.

“அப்படியானால் இப்போதே போட்டுவிடுங்கள்” என்று கேட்பது இயல்பு. ஊசி போட்ட அன்றே உடலில் எதிர்ப்பாற்றல் தோன்றிவிடாது. அதற்குப் பல நாள்கள் வேண்டும். கவனமாக நடைபெறும் காப்பகங்கள், ஊசி போட்டு இரண்டு வாரமாவது கழிந்த பிறகே பிராணியைச் சேர்த்துக்கொள்கின்றன. மருத்துவர் மணியை ஏற்க மறுக்கிறார். வண்டி புறப்பட இன்னும் ஐந்து மணி நேரமே இருக்கிறது. வேறு நாய்கள் இல்லாத மாடிவீட்டார் ஒருவர் குட்டியைப் பார்த்துக்கொள்ள இசைகிறார். கட்டணம் கைவிட்டுப்போனாலும் மறுத்த காப்பகமே நல்ல காப்பகம். யார் வந்தாலும் கதவைத் திறக்கும் இடத்தில் பிராணியை விடுவதற்கு அஞ்ச வேண்டும்.

மருத்துவர் அஞ்சியது பார்வோ வைரஸை. 1978ஆம் ஆண்டில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இந்த நாய்நோய், ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. அது குடலின் உட்சுவரைத் தாக்கும். வாந்தியும் குருதி கலந்த கழிச்சலும் தோன்றி, உடலின் நீர் வற்றி, குட்டிகள் சில நாள்களிலேயே இறந்துவிடக்கூடும். தொற்றிய நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள்கள் ஆகும். இதனை நோயரும்பு காலம் என்பர். அறிகுறி தோன்றுவதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். வாயிலில் துள்ளி விளையாடிய குட்டி நான்காம் நாள் படுத்துவிட்டால், அதற்குள் அந்தக் கூடத்தின் தரை, கிண்ணம், துடைப்பம், பணியாளரின் செருப்பு ஆகிய அனைத்திலும் நோய் ஏறியிருக்கும். மண்ணில் அது மாதக்கணக்கில் அழியாது கிடக்கும்.

இங்கே துப்புரவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஃபினாயில் மணம் வீசினால் இடம் தூய்மையாக இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். மணம் வேறு, தூய்மை வேறு. கைகழுவ உதவும் ஆல்கஹால் நீர்மம் பார்வோவை உறுதியாக அழிப்பதில்லை. அழுக்கை முதலில் கழுவி நீக்கிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து, பத்து நிமிடம் தரையில் நிற்கவிட்டால் அது அழியும். ஃபினால் சேர்ந்த நீர்மங்களோ பூனைகளுக்கு நஞ்சாகும். தரையில் நடந்த பூனை தன் பாதத்தை நக்கும் அல்லவா?

தடுப்பூசி அட்டை சரியாக இருந்தால், அதன்பின் உடல் ஆய்வு தொடங்கும். நாயின் இயல்பான வெப்பம் மனிதருடையதைவிடக் கூடுதல். ஏறத்தாழ 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். மனிதருக்குக் காய்ச்சல் எனப்படும் அளவு நாய்க்கு நலத்தின் அளவு. பிறகு உதட்டை விலக்கி ஈற்றைப் பார்ப்பர். நலமுள்ள ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். மெதுவாகச் சிவந்தால் குருதியோட்டம் குறைந்திருக்கிறது என்பது பொருள். முதுகுத்தோலை மெல்லத் தூக்கி விட்டால் அது உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் உடலில் நீர் குறைவு. எந்தக் கருவியும் வேண்டாத இந்த ஆய்வுகளை வீட்டிலும் செய்து பார்க்கலாம். எடையையும் குறித்துவைப்பர். பத்து நாள் கழித்துத் திரும்பும் நாய் மெலிந்துள்ளதா என்பதை அந்த எண்தான் கூறும், கண் ஏமாற்றிவிடும்.

காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுவதற்கு நேரம் பிடிக்கும். உண்ணி ஒன்றுதானே என்று விட்டுவிட இயலாது. அது குருதியை உறிஞ்சும்போது நுண்ணுயிர்களை உள்ளே செலுத்துகிறது. இதில் தமிழ்நாட்டிற்கு ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் சென்னையில் ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற பெயரில் வேட்டைநாய்க் கூட்டம் ஒன்று வளர்க்கப்பட்டது. அந்த நாய்களின் குருதியில் புதியதோர் ஒட்டுண்ணியைக் கண்ட பேட்டன் என்னும் ஆய்வாளர் அதனை 1910இல் விவரித்தார். பின்னர் நரியின் குருதியிலும் அது காணப்பட்டது. பபேசியா கிப்சோனி என்று இன்று அழைக்கப்படும் அந்த ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றைச் சிதைக்கும். பல நாடுகளிலும் நாய்களைத் தாக்கும் இந்நோயின் முதல் பதிவு, வேட்டைக்காக ஒரே கொட்டிலில் அடைத்து வளர்க்கப்பட்ட சென்னை நாய்களிடமிருந்து கிடைத்தது! இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் நாய் வெளித்தோற்றத்தில் நலமாகவே இருக்கக்கூடும். ஆதலால் உண்ணி மிகுந்த நாய்க்கு ஒரு துளிக் குருதியைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது பயன்தரும்.

மலத்தையும் நுண்ணோக்கியில் பார்ப்பர். கொக்கிப்புழுவின் முட்டைகள் அதில் தெரியலாம். இப்புழுவின் இளவுயிரி மனிதரின் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையவல்லது. எலிக்காய்ச்சலோ சிறுநீரின் வழியே பரவும். எலியிடமிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். மழைக்காலத்தில் இதன் அச்சம் மிகுதி. கூண்டைக் கழுவும் பணியாளர் காலணியும் கையுறையும் இன்றி நிற்கும் காப்பகத்தில், பிராணிகளுக்கான ஆய்வு குறைந்தால் முதலில் நோயுறுபவர் அவராகவே இருக்கலாம்.

எல்லா நோயையும் ஆய்வினால் கண்டுபிடித்துவிட இயலாது. வெறிநாய்க்கடி நோயை எடுத்துக்காட்டாகக் கூறலாம். உயிருள்ள நாய்க்கு அந்நோய் உண்டா என உறுதிசெய்யும் நம்பகமான ஆய்வு வழக்கில் இல்லை. இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதி செய்கின்றனர். நோய்க்குறி தோன்றிவிட்டால் நாயோ மனிதரோ பிழைப்பது அரிதினும் அரிது. லூயி பாஸ்டர் 1885இல் இதற்கான தடுப்பு மருந்தை மனிதருக்கு முதன்முறையாகச் செலுத்தினார். நீலகிரியின் குன்னூரில் 1907இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் இப்பணிக்காகவே தோன்றியது. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஊசி என்பது நம் நாட்டு நடைமுறை. இந்நோயைப் பொறுத்தவரை காப்பகத்திற்கு ஒரே காவல் அந்த அட்டைதான். தேதி கடந்த அட்டையை “சில நாள்தானே” என்று ஏற்பது பெரும்பிழை.

பார்வோவுக்கு, சில நிமிடங்களில் விடை தரும் சிறு ஆய்வுக்கருவி உண்டு. அதுவும் தொற்றின் தொடக்கத்தில் ‘இல்லை’ என்று காட்டிவிடக்கூடும். எனவே ஐயத்திற்குரிய பிராணிக்குத் தனியறை வேண்டும். அவ்வறைக்குத் தனிக் கிண்ணமும் தனித் துடைப்பமும் வேண்டும். பணியாளர் நலமுள்ளவற்றை முதலிலும் தனியறையிலுள்ளதை இறுதியிலும் கவனிக்க வேண்டும். இது பழைய உத்தி. கப்பலில் வந்தவர்களைக் கரையேறுமுன் முப்பது நாள் தனியே நிறுத்தும் சட்டத்தை ரகுசா துறைமுக நகரம் 1377இல் இயற்றியது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ என்னும் பெயர் பிறந்தது.

கருவிகளுக்கு எட்டாத செய்திகளும் உள்ளன. நேற்றிரவு நாய் வாந்தியெடுத்ததா? இரண்டு நாளாக இருமுகிறதா? அண்மையில் வேறு காப்பகத்தில் தங்கியதா? இவற்றை அறிந்தவர் வீட்டார் மட்டுமே. பயணச்சீட்டு கையில் இருக்கும்போது படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது எளிது. கொட்டில் இருமல் என்றே பெயர் பெற்ற நோய், அவ்வாறு மறைக்கப்பட்ட ஓர் இருமலிலிருந்து இருபது நாய்களுக்குப் பரவிவிடும். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய 1903ஆம் ஆண்டில் இருந்ததைவிட இன்று கருவிகள் பன்மடங்கு பெருகியுள்ளன. ஆயினும் மருத்துவர் வாயிலில் கேட்கும் முதற்கேள்வி இன்றும் “சாப்பிட்டதா?” என்பதே.

சொல்லும் பொருளும்

சீம்பால் – ஈன்றவுடன் சுரக்கும் முதற்பால்
நோயரும்பு காலம் – தொற்றிய நாள் முதல் அறிகுறி தோன்றும் வரையுள்ள காலம்
கழிச்சல் – வயிற்றுப்போக்கு
ஈறு – பல்லைச் சுற்றியுள்ள தசை
கொட்டில் – விலங்குகளை அடைத்து வளர்க்குமிடம்
இசைதல் – உடன்படுதல்

நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி என்னும் பழஞ்சொற்களும் தமிழில் உண்டு.

மொழியை அறிவோம்

‘நாய் வந்தது’ என்பது ஒருமை. ‘நாய்கள் வந்தன’ என்பது பன்மை. பேச்சில் ‘நாய்கள் வந்தது’ என்று கூறுவதுண்டு. எழுத்தில் அது பிழையாகும்.

வீட்டார் மருத்துவரிடம், “மணி நேற்று முழுவதும் சாப்பிடவில்லை, அவன் சோர்ந்திருக்கிறான்” என்று கூறினால் அது பிழையா? நாய் அஃறிணை, ‘அவன்’ உயர்திணைச் சொல். ஆயினும் அன்பு மிகுதியால் அஃறிணையை உயர்திணையாகக் கூறுவதை இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. பசுவைத் தாயென அழைத்து, ‘வந்தாள்’ என்று கூறுவதும் இவ்வகையே. இதற்குத் திணை வழுவமைதி என்று பெயர். மருத்துவர் தம் பதிவேட்டில் எழுதும்போது ‘நாய் உண்ணவில்லை, சோர்ந்துள்ளது’ என்றே எழுதுவார்.

பயிற்சி

1. எட்டாவது வாரத்தில் போட்ட ஓர் ஊசி மணிக்கு ஏன் போதவில்லை? தாய்ப்பாலோடு தொடர்புபடுத்தி விளக்குக.

2. வாயிலில் நலமாகத் தோன்றும் குட்டி, காப்பகம் முழுவதற்கும் நோயைப் பரப்புவது எவ்வாறு?

3. வெறிநாய்க்கடி நோயைப் பொறுத்தவரை தடுப்பூசி அட்டையே காப்பகத்தின் ஒரே காவல் எனப்படுவது ஏன்?

4. பிழை நீக்கி எழுதுக: பூனைகள் தனியறையில் இருந்தது. உண்ணிகள் காதில் ஒட்டியிருக்கிறது. குட்டிகள் பால் குடித்தது.

5. மணியை ஏற்க மறுத்த மருத்துவருக்கும் வீட்டாருக்கும் இடையே நடந்த உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக. வீட்டாரின் தவிப்பும் வெளிப்பட வேண்டும்.

6. ஊரிலுள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ தொலைபேசியில் கேட்டு எழுதுக: அவர்கள் வீட்டு நாய்க்கு உண்ணி பிடித்தால் என்ன செய்தார்கள்? வெளியூர் செல்லும்போது அதனை யாரிடம் விட்டுச் சென்றார்கள்? அவர்கள் கூறிய வட்டாரச் சொற்களை அடிக்கோடிடுக.