ஊசியில் ஏற்றியதை எழுதிக் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

சொந்த ஊரான கடத்தூரிலேயே கிளினிக் போட்டு, ஸ்கேன் மிஷினும் வாங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நீ அனுப்பிவைக்கும் குழந்தைகள் சிகிச்சை முடிந்து உன்னிடம்தான் திரும்பி வருவார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

திரும்பத் திரும்பக் காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று வரும் குழந்தைகள் சிலருக்கு, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் யூரேட்டர் (சிறுநீர்க்குழாய்) வழியே மேலேறுவது எம்.சி.யு. எக்ஸ்ரே படத்தில் தெரியும். பலருக்கு வளர வளரத் தானே சரியாகிவிடும். ஆகாத சிலருக்கு யூரேட்டர் வாயின் அடியில் ஒரு பொருளை ஊசியால் ஏற்றி மேடாக்குகிறோம். கத்தி வைக்கும் வேலையே இல்லை. பெற்றோருக்கு அது வெறும் ‘ஊசி’. பிறகு மறந்தும் விடுகிறார்கள்.

உடம்பு மறப்பதில்லை, தம்பி. 1984-இல் டப்ளினில் பாரி ஓ'டானலும் பிரேம் பூரியும் டெஃப்லான் பேஸ்டை ஏற்றி இந்த வழியைப் பரவலாக்கினார்கள். அதே ஆண்டில், ஊசி போட்ட விலங்குகளின் நுரையீரலிலும் மூளையிலும்கூட டெஃப்லான் துகள் கிடந்ததை மலிஸியா என்பவரின் குழுவினர் எழுதினார்கள். சின்னத் துகளை மேக்ரோபேஜ் விழுங்கிச் சுமந்துபோய்விடும். ஸ்வீடனில் ஸ்டென்பெர்க், லேக்கிரென் இருவரும் 1995-இல் டெக்ஸ்ட்ரானோமர் மணிகளை ஹையலூரோனிக் அமிலத்தில் கலந்து கொண்டுவந்தார்கள். மணி ஒவ்வொன்றும் 80 முதல் 250 மைக்ரான். அவ்வளவு பெரிதை விழுங்க முடியாமல், ராட்சத செல்கள் சுற்றி நின்று வளைத்துக்கொள்ளும். ஜெல் கரையும், மணிகளின் இடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் புகுந்து கொலாஜன் போடும். மேடு நிலைப்பதே இந்த எதிர்வினையால்தான். ஆனால் அதே மேட்டில் சிலருக்கு வருஷங்கள் கழித்துச் சுண்ணாம்பு படியும். கரையாத பாலிஅக்ரிலேட் வகையில் தாமதமாக யூரேட்டரே அடைபட்டதும் உண்டு. வலியில்லாத குழந்தைக்கும் சிறுநீரக ஸ்கேனைத் தவறவிடாதே.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். திருப்பூரில் வேலை பார்த்த ஒரு பெண், இருபது வயசு, அடிவயிற்று வலி. சி.டி.யில் யூரேட்டரின் கடைசியில் கல். நானும் நம்பி ஸ்கோப் போட்டேன். கல் இல்லை; வழவழவென்று ஒரு மேடு மட்டும். வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: “சின்னதுல ஒன்னுக்குப் பையில ஊசி போட்டாங்க சார்.” சி.டி.யில் கல்லாகத் தெரிந்தது அந்த ஊசி மேட்டின் சுண்ணாம்பு. நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்கோப்புக்கு முன் எடுத்த ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கவே இல்லை. பைக்குள் சிறுநீர் நன்றாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தால், அதிலும் பொருளின் பெயர் இல்லை.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. அந்த மேட்டில் யாராவது பயாப்ஸி எடுத்தால் ரிப்போர்ட்டில் கிரானுலோமா, ராட்சத செல் என்று வரும். நம் நாட்டில் அதைப் படித்ததும் காசநோய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஊசி போட்ட கதை பேத்தாலஜிஸ்டுக்குத் தெரியாவிட்டால், ஒரு குழந்தை மாதக்கணக்கில் வேண்டாத மாத்திரை விழுங்கும்.

ஆகவே உன்னிடம் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தமிழில் ஓர் அட்டை எழுது: எந்தப் பக்கம், என்ன பொருள், எத்தனை மில்லி, என்றைக்கு. சிரிஞ்சு டப்பாவின் ஸ்டிக்கர் கிடைத்தால் ஒட்டி, லேமினேட் பண்ணி அம்மா கையில் கொடு. பெண் குழந்தை வளர்ந்து கல்யாணமாகி இனிஷியல் மாறிவிட்டால், எந்த ஆஸ்பத்திரியிலும் அவளுடைய பழைய ரெக்கார்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் உன்னிடம் ஓர் ஏழு வயசுக் குழந்தை வருவாள். வலப்பக்கம், 1 மில்லி. அட்டையில் நான் எழுதியதன் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். நீ ஸ்கேன் பார்த்த தேதியை அங்கே எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்