விண்வெளி நிலையத்தின் வழியே பேச

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்று 2014 வரை உழைத்த நம் ஹாம்சாட் செயற்கைக்கோள் ஓய்ந்துவிட்டாலும், குமாரபாளையத்துக்கு வந்திறங்கும் ஹாம் வானொலி அன்பர், உரிமப் பத்திரத்தின் பிரதியோடு, வீடுகள் நெருங்கிய விசைத்தறித் தெருக்களை விட்டகன்று, ஆகாயம் விரிந்து கிடக்கும் காவிரிக் கரைக்குச் செல்வாராயின், சர்வதேச விண்வெளி நிலையத்தின் வழியே பேசும் பாக்கியம் அவருக்குக் கிட்டும்.

நிலையத்திலுள்ள ரிப்பீட்டர் அன்று இயங்குகிறதா என்று முன்பே அறிந்துகொள்வது அவசியம். நிலையம் வானில் தோன்றி மறையச் சுமார் பத்து நிமிஷமே ஆகும். கைக்கருவியில் 67 ஹெர்ட்ஸ் தொனியுடன் 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசி, 437.800-இல் கேட்க வேண்டும். ஆயினும் டாப்ளர் விளைவினால், நிலையம் நெருங்குகையில் 437.810-ஐ ஒட்டியும், விலகுகையில் 437.790-ஐ ஒட்டியும் குரல் ஒலிக்குமாதலால், இம்மூன்றையும் முன்கூட்டியே வரிசையாகப் பதித்துக்கொள்வது உத்தமம். ஸ்குவெல்ச் திறந்தே இருக்கட்டும்.

எஃகு அளவு நாடாவை வெட்டிச் செய்த சிறு யாகி ஆன்டெனாவே போதுமானது. சுருட்டிப் பையில் வைக்கலாம். நிலையத்தை நோக்கி நீட்டியும் குரல் மங்கினால், பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் தெளிவு உண்டாகும்.

அழைப்புக்குறியையும் இவ்வூரின் கட்டக்குறியான எம்.கே. 81-ஐயும் மட்டும் சொல்லிப் பிறருக்கு வழிவிட வேண்டும்.