பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறவருக்கு எந்தப் பயிற்சி?

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு. அது ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டினால் பிறப்பவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளே. ஆமைகளைப் பார்க்கும் நடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியருக்கு இது தெரிந்திருந்தால், காலநிலை மாற்றம் என்னும் பாடத்தை அந்த மணலிலேயே தொடங்கிவிடலாம். தெரியாதபோது "பூமி சூடாகிறது, மரம் நடுவோம்" என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது.

தேசிய பசுமைப் படை பொறுப்பாசிரியர், சாரணர் ஆசிரியர், பறவை பார்க்கவும் மலையேறவும் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் என்று பலரும் இப்போது காலநிலையைக் கற்பிப்பதற்கான பயிற்சியைத் தேடுகிறார்கள். இணைய வகுப்பு, களப் பயிலரங்கு, மக்கள் அறிவியல் திட்டங்கள் என மூன்று வழிகள் எளிதில் கிடைக்கின்றன. பல்கலைக்கழகப் பட்டயப் படிப்புகளும் உண்டு. வேலையை விட்டு வர முடியாதவருக்கு அவை ஒத்துவராது என்பதால் இங்கே அவற்றைப் பேசவில்லை.

இணையத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஐ.நா.வின் பயிற்சி நிறுவனமான யுனிடார் ஒருங்கிணைக்கும் 'யுஎன் சிசி லேர்ன்' தளம். கட்டணம் இல்லை. நமக்கு நேரம் கிடைக்கும்போது படிக்கலாம். தேர்வு எழுதினால் சான்றிதழும் உண்டு. வானிலை வேறு, 30 ஆண்டுச் சராசரியாகிய காலநிலை வேறு என்பது போன்ற அடிப்படைகளை இங்கே பிசகில்லாமல் கற்கலாம். ஆனால் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் ஏரியும் வடகிழக்குப் பருவமழையும் அவற்றில் வராது. ஊரையும் உயிரினங்களையும் நன்றாக அறிந்து, அறிவியலில் மட்டும் தடுமாறுகிறவருக்கு இது போதும்.

களப் பயிலரங்கு அப்படியல்ல. பணமும் பயணமும் கேட்கும். சென்னையில் பல்லுயிர் அறக்கட்டளை, கோத்தகிரியில் கீஸ்டோன் நிறுவனம், பறவைக் கல்விக்கென்றே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் 'எர்லி பேர்ட்' போன்றவை இந்தத் துறையில் இயங்குகின்றன. இவற்றின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். எந்தப் பயிலரங்கானாலும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். நாற்பது பறவைகளின் பெயரைச் சொல்லித் தருவது நல்ல காரியம்தான். ஆனால் அது காலநிலைப் பயிற்சி ஆகிவிடாது.

நல்ல பயிற்சியாளரை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். "எல்லாம் காலநிலை மாற்றம்" என்று ஒரே வரியில் முடித்தால் அந்த இடம் நமக்கு வேண்டாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் வலுக்கிறது. இது ஒரு பக்கம். அந்த நீர் போக வேண்டிய ஏரிகளையும் கால்வாய்களையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் நாம் கட்டடங்களால் அடைத்தோம். இது மறுபக்கம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தின் கரையில் நிறுத்தி, இரண்டையும் பிரித்துக் காட்டக் கற்றுக்கொடுக்கிறவரே நமக்குத் தேவை. பிரித்துச் சொன்னால்தான் பிள்ளைக்குப் பயம் தணியும். வெப்பத்தைக் குறைக்க உலகமே கூட வேண்டும். கால்வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வது நம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் அழிவை மட்டும் அடுக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது கல்வி அல்ல.

மூன்றாவது வழியான மக்கள் அறிவியல் திட்டங்களைப் பயிற்சி என்றே பலர் எண்ணுவதில்லை. 'சீசன்வாட்ச்' திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இலை, பூ, காய்களை வாரந்தோறும் பதிய வேண்டும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்கள் 'ஈபேர்ட்' தளத்தில் சேர்கின்றன. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பள்ளி வாசலில் நிற்கும் சரக்கொன்றையை ஓர் ஆண்டு முழுக்கக் கவனித்தவர், இந்த ஆண்டு பூ முந்தியதா பிந்தியதா என்று அடுத்த ஆண்டிலிருந்து பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்லலாம். ஓரிரு ஆண்டு வேறுபாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற பொறுமையும் கூடவே வரும். இந்தப் பொறுமையை எந்தச் சான்றிதழ் வகுப்பும் தந்து நான் பார்த்ததில்லை. பலன் தெரிய நாளாகும் என்பது ஒன்றே குறை.

ஒன்றுக்குத்தான் வசதி என்றால் களப் பயிலரங்கையே தேர்ந்தெடுங்கள் என்பேன். ஆனால் அங்கே நீங்கள் பார்வையாளராக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நடையை நீங்களே நடத்த, பயிற்சியாளர் கூடவே வந்து திருத்த வேண்டும். கையில் பணமே இல்லாதவர் இணைய வகுப்பையும் மரக் கண்காணிப்பையும் சேர்த்தே தொடங்கட்டும். தனித்தனியாக இரண்டும் அரைகுறைதான்.

சேரும் முன் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: நான் நடத்தும் நடையை யார் பார்த்துத் திருத்துவார்கள்? பயிற்சி முடிந்தபின் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.