‘இத்தனை வருஷமா நிக்குதே!’

அமெரிக்காவில் மீன்பிடிக்கவும் படகு விடவும் தனியார் வைத்திருக்கும் சிற்றேரிகள் ஏராளம். அவற்றின் மண் கரையில் ஈரம் கசிகிறதே என்று கேட்டால் உரிமையாளரிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “தாத்தா காலத்திலிருந்து நிக்குது, இனியா விழப்போகுது?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்ட இந்தப் பேச்சைவிட ஆபத்தானது மண் அணை விஷயத்தில் வேறில்லை.

ஜார்ஜியா மாநிலம் டொக்கோவாவில் இருந்த கெல்லி பார்ன்ஸ் அணையும் நின்றுகொண்டுதான் இருந்தது. தொடக்கம் 1899, பிறகு மண் கொட்டி உயர்த்தினார்கள். 1957-இல் மின் உற்பத்தி நின்றபின் அந்த 40 ஏக்கர் ஏரி வெறும் பொழுதுபோக்குக்கு. 1973-லேயே புறச்சரிவில் ஒரு துண்டு சரிந்தது. கரைதான் நிற்கிறதே! சில நாள் மழைக்குப் பின், 1977 நவம்பர் 6 அதிகாலை ஒன்றரை மணிக்கு உடைந்தது. கீழே பைபிள் கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவால் ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை. செங்குத்தான புறச்சரிவு இடிந்ததையும் கரைக்குள் நடந்த அரிப்பையும் சேர்த்தே சொன்னது.

வயது கரையைக் கெட்டிப்படுத்தும் என்பது மண்ணியல் தெரியாதவர் கற்பனை. கசிவு புறச்சரிவின் அடியில் மண்துகளை வெளியேற்றும். துளை அங்கிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி வளரும். மேலே நடப்பவர் கண்ணுக்கு ஒன்றும் படாது. பதித்த தகரக் குழாய் துருப்பிடிக்கும், இணைப்புகள் தேயும். கொலராடோவின் லான் லேக் அணை 1903-இல் கட்டியது. குழாயும் வால்வும் சேரும் இடத்தின் ஈயப் பூச்சு கெட்டு, 1982 ஜூலை 15 அன்று உடைந்தது. மூவர் பலி. அதன் உயரம் எட்டு மீட்டர்தான். ஆகவே ‘சின்ன அணைதானே’ என்பதையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மரவேர் கரையைப் பிடித்துக்கொள்ளுமா? பிடிக்காது. மரம் பட்டபின் மக்கும் வேர் நீருக்கு வழி விடும். எந்தக் கசிவும் ஆபத்தா? தெளிந்து வந்தால் அளந்து குறித்து வரலாம். கலங்கி வந்தால் அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

பழுதை அரசு பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு சோம்பேறி நம்பிக்கை. அரசு ஆய்வு செய்யலாம். செலவும் பொறுப்பும் உரிமையாளருடையவை. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை, கார்னகி போன்ற கோடீஸ்வரர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமாக இருந்தது. அடியிலிருந்த வடிகுழாய்களை முந்தைய உரிமையாளரே பெயர்த்து விற்றிருந்தார். மன்றம் திரும்பப் பதிக்கவில்லை; உபரிநீர் வழியில் மீன் தப்பாமலிருக்க வலை மட்டும் கட்டியது! 1889 மே 31-இல் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரமே மூழ்கி 2,209 பேர் மாண்டபோது, ஏரியை இறக்க வழியே இல்லை. மன்றத்திடமிருந்து எந்த நீதிமன்றமும் இழப்பீடு வாங்கித் தரவுமில்லை.

கரைக்குப் புல்வெட்டி வாங்கும் உரிமையாளர்கள் முதலில் ஏரியை இறக்க உதவும் அடிவால்வைப் பார்க்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து மூட வேண்டும். இறுகிக் கிடந்தால் கம்பி போட்டு நெம்பக் கூடாது. திறந்தது மூடாமல் போகலாம். பொறியாளர் கூலிக்குப் பணம் போதவில்லையென்றால், படகுத்துறைக்குப் புதுப் பலகை அடிப்பது அடுத்த வருஷம் ஆகட்டும்.