மாத்திரைக்கு முன்னால் மூன்று கேள்விகள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

“தலை சுத்துது டாக்டர்” என்று ஒருவர் வந்து உட்கார்ந்ததுமே கை மருந்துச் சீட்டை எடுத்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்தால் வருகிறது என்று கேளுங்கள். பாதி நோய் இந்தப் பதில்களிலேயே பிடிபட்டுவிடும்.

நோயாளி சொல்வதைக் கேட்பதன் பலனுக்கு ஓர் உதாரணம்: வியன்னாவில் காதைக் கழுவும்போது நோயாளிகள் தலைசுற்றுகிறது என்று சொல்வதைக் காது மருத்துவர் ராபர்ட் பாரனி கூர்ந்து கவனித்தார். தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று ஒருவர் குறைபட்டுக்கொள்ள, சூடான நீரை விட்டுப் பார்த்தார். சில்லென்ற நீரில் ஒரு திசையில் துடித்த கண்கள் இப்போது எதிர்த்திசையில் துடித்தன. உள்காதைச் சோதிக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

படுக்கையில் புரண்டால், பரணை அண்ணாந்து பார்த்தால் வீடே சுழல்கிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றும்விடுகிறது என்றால், பெரும்பாலும் உள்காதில் உதிர்ந்த கால்சியம் கார்பனேட் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கும். இதைக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே காட்டி அனுப்புவது அநியாயம். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-இல் எழுதிவைத்த சோதனைக்கு ஒரு கட்டில் போதும். கழுத்தில் பெரிய கோளாறு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, தலையை 45 டிகிரி பக்கவாட்டில் திருப்பி, விளிம்புக்குக் கீழே சற்றே தொங்கும்படி சட்டென்று சாய்த்துப் பிடியுங்கள். சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கண்கள் சுழன்று துடிக்கும். பயத்தில் அவர் உங்கள் கையை இறுகப் பற்றுவார். கண்ணை மூடவிடாதீர்கள்.

அங்கிருந்தே, தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்லி முறையைத் தொடரலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஜான் எப்லி இதைச் சொன்னபோது சக மருத்துவர்கள் சிரித்தார்கள். இன்று உலகமெங்கும் முதல் சிகிச்சை அதுதான்.

எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறதா? படுக்கவைத்தும், நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால், அவர் விழுங்கும் பிரஷர் மாத்திரைகளைக் கேளுங்கள். ரத்தசோகையையும் மறக்க வேண்டாம். மணிக்கணக்கில் தலை சுற்றி, காது இரைந்து மந்தமானால் மெனியர் நோயை நினையுங்கள். தலைவலிக்காரருக்கு ஒற்றைத் தலைவலியே கிறுகிறுப்பாகவும் வரும்.

நாள் முழுக்க ஓயாமல் தலை சுற்றுபவரிடம்தான் ஆபத்து. அது உள்காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். சிறுமூளைப் பக்கவாதமாகவும் இருக்கலாம். முதல் நாள் சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். அவரை எழுப்பி நடக்கச் சொல்லுங்கள். பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியவில்லை என்றால், உடனே பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.