சர்வர் ஏன் திணறுகிறது?

கேள்வி: சென்ட்ஓஎஸ் 7-லிருந்து உபுண்டுவுக்கு மாறினோம். அதே மெஷின்தான். இப்போது எல்லாமே ஆமை வேகம். மைஎஸ்க்யூஎல் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டன. மைஎஸ்க்யூஎல் தானாக நிற்கவில்லை, மெமரி தீர்ந்துபோய் கெர்னல்தான் அதைக் கொன்றிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கெர்னல் பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால், ஸ்வாப் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக நிறுவும்போது பலர் மறப்பது இதைத்தான். வேகக் குறைவுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். பழைய அமைப்புக் கோப்பு கூடவே வராவிட்டால், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பஃபர் பூல் வெறும் 128 எம்பியில் நிற்கும். பழைய பேக்கப்பில் அந்த எண்ணைப் பாருங்கள். உயர்த்துமுன் ஸ்வாப்பைச் சரிசெய்துவிடுங்கள்.