பழைய வீட்டை இடிக்க முன்னர்

பல வருடங்களுக்குப் பிறகு வளவுக்குள் காலடி வைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றன: "இதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்." அப்படித் தோன்றுவது இயல்பு. கூரை விழுந்திருக்கும். மண்டபத்துக்குள் செடி முளைத்திருக்கும். கதவு நிலைகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சுவர் முழுவதும் உப்புப் பூத்திருக்கும். ஆனால் கூரை போன வீடும் அத்திவாரம் போன வீடும் ஒன்றல்ல. முதலாவதைத் திருத்தலாம்.

பொத்துவில், உல்லை, அறுகம்பே தொடக்கம் அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வரையுள்ள கரையில் பழைய கல்வீடு வைத்திருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது. திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா என்ற முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு முன்னர் சுவரையும் உறுதியையும் ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

40 வீதக் கோடு

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின்னர் அரசாங்கம் வீட்டுச் சேதத்தை இரண்டாகப் பிரித்தது. 40 வீதத்துக்கு மேல் சேதமடைந்த வீடு "முழுச் சேதம்". அதற்கு 250,000 ரூபா. அதற்குக் குறைந்தால் "பகுதிச் சேதம்". அதற்கு 100,000 ரூபா. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் இதே போன்ற பிரிவு இருந்தது: புதிய வீட்டுக்கு 550,000, திருத்தத்துக்கு 250,000 ரூபா.

இப்படி ஒரு கோடு இருக்கும்போது, நல்ல சுவரையும் இடித்துவிட்டால் கூடுதல் பணம் கிடைக்குமே என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டுப் போகிறது. நீங்கள் இடிக்கும் அத்திவாரத்தையும் சுவரையும் அதே பணத்திலிருந்துதான் திரும்பக் கட்ட வேண்டும். கடல்கோளுக்குப் பிந்திய வருடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியதால் சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாமே ஏறின. 250,000 ரூபாவில் வீட்டை முடிக்க முடியாமல் கூரை மட்டத்தில் நின்றுபோன குடும்பங்கள் இந்தக் கரையில் இருந்தன. சுவர் நிற்கும் வீட்டில் செலவு கூரை, கதவு யன்னல், பூச்சு, மின்சாரம், மலசலகூடம் என்பவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே மேசனிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் இரண்டு மதிப்பீடுகள் கேளுங்கள்: ஒன்று திருத்தத்துக்கு, மற்றது புதிய வீட்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

இடிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடற்கரையின் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயம். அங்கே புதிய கட்டடத்துக்குத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடல்கோளுக்குப் பின்னர் கிழக்கில் 200 மீற்றர் இடையக வலயம் அறிவிக்கப்பட்டபோது, அதற்குள் முழுதாக அழிந்த வீடுகளை அதே இடத்தில் கட்ட விடவில்லை. பிறகு அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. அதற்குள் பலர் தற்காலிகக் கொட்டில்களில் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டார்கள். நிற்கும் வீட்டைத் திருத்த அனுமதி கேட்பதும், வெறும் நிலத்தில் புதிய வீட்டுக்கு அனுமதி கேட்பதும் ஒரே விண்ணப்பமல்ல. உல்லையிலும் அறுகம்பேயிலும் கடலை ஒட்டிய வளவுக்காரர் இதை இருமுறை வாசிக்கவும்.

வீட்டைப் பார்ப்பது எப்படி

காலையில் போங்கள், வெயில் சரிவாக விழும்போது சுவரின் வளைவு தெரியும். முதலில் அத்திவாரம். அலையோ வெள்ளமோ மண்ணை அரித்து அத்திவாரத்தின் அடி வெளியே தெரிகிறதா என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மூலைகளில்தான் அரிப்பு அதிகம். அடியில் வெற்றிடம் இருந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்கும்வரை உள்ளே யாரும் படுக்க வேண்டாம்.

அடுத்து வெடிப்புகள். பூச்சில் மட்டும் உள்ள மயிரிழை வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. கல்லையும் ஊடறுத்து, கீழே ஒடுங்கி மேலே அகன்று போகும் வெடிப்புத்தான் கவலைக்குரியது. அது நின்றுபோன வெடிப்பா, இன்னும் நகர்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி: வெடிப்புக்குக் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சீமெந்தால் ஒட்டி, திகதியை எழுதிவையுங்கள். மாரி முடியும்வரை கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்தச் சுவர் அமைதியாகிவிட்டது.

தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் சரிவையும் பாருங்கள். சுவர் ஒரு பக்கமாகச் சரிந்து, மூலையில் மற்றச் சுவரை விட்டுப் பிரிந்திருந்தால் அந்தப் பகுதியை இடிக்கத்தான் வேண்டும். அதற்காக முழு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. பொத்துவிலில் நாங்கள் பார்த்த ஒரு வளவில் முன் மண்டபமும் இரண்டு அறைகளும் நேராக நின்றன. பின்பகுதி சரிந்து கிடந்தது. அந்தக் குடும்பம் முன்பகுதிக்கு ஓடு போட்டு, பின்பகுதியை அகற்றி, அங்கே சீமெந்துக் கல்லில் குசினியும் மலசலகூடமும் கட்டிக்கொண்டது. இப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய சுவரும் புதிய சுவரும் ஒரே அளவில் பதியாது. இரண்டையும் இறுகப் பிணைக்காமல் நடுவே அரை அங்குலம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

மரத்தை ஓடாவியிடம் காட்டுங்கள். ஊசிக் கத்தியால் குத்தும்போது உள்ளே இறங்கினால் கறையான் தின்ற மரம். இறங்காவிட்டால் அது உங்கள் சொத்து. பழைய முதிரை, பாலை மரங்களை விறகு விலைக்குக் கேட்டு வியாபாரிகள் வருவார்கள். அதே மரத்தைப் புதிதாக வாங்க என்ன விலை என்று மரக்காலையில் விசாரித்த பின்னர் பதில் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு

பழைய கல்வீடுகளை உண்மையில் கெடுத்தது பல இடங்களில் அலையோ குண்டோ அல்ல, பிற்காலத்துத் திருத்த வேலைதான் என்பது எங்கள் எண்ணம். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு பிடித்து வைப்பதில்லை. வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கரையோர மண்ணில் உப்பும் சேர்ந்தே ஏறுகிறது. ஈரம் காயும்போது உப்புக் கல்லுக்குள் பளிங்காகி, கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளும். சீமெந்துப் பூச்சுப் பலகை பலகையாக விழும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழுவது இதனால்தான். "பழைய சுவர், பிடிக்காது" என்பார் மேசன். சுவரில் குறையில்லை, பூச்சுத்தான் பொருந்தவில்லை.

திருத்தும் முறை கடினமல்ல, பொறுமை வேண்டும். ஈரம் ஏறிய அடையாளத்துக்கு மேலே ஒரு அடி வரை பூச்சைத் தட்டி எடுங்கள். சுவரை ஒரு கோடை முழுவதும் காய விடுங்கள். பூத்து வரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புத் திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். அதன் பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் சேர்த்து, மெல்லிய படைகளாகப் பூசுங்கள். ஒவ்வொரு படையையும் சில நாட்கள் ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும்.

சுண்ணாம்பு எங்கே வாங்குவது? முருகைக்கல் சுண்ணாம்பு வேண்டாம். கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம். அலையின் வேகத்தைக் குறைக்கும் பாரையும் அதுதான். மாத்தளைப் பக்கத்துக் கல்லுச் சுண்ணாம்பு அல்லது கடையில் பையில் விற்கும் நீத்த சுண்ணாம்பு போதும். நீற்றாத சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு நாக்கைச் சுடுவது எல்லாருக்கும் தெரியும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது குறைவு. கிடைக்கும் மேசனைக் கொண்டு முதலில் ஒரு சுவரைச் செய்து, ஒரு மாரியைக் கடக்க விட்டுப் பாருங்கள்.

கூரைக்கு ஓடா, சீட்டா என்பதில் எங்கள் சாய்வு ஓட்டுக்குத்தான். கோடையில் சீட்டுக்குக் கீழே குழந்தையைத் தூங்க வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு தொடக்கம் கல்முனைப் பக்கம் வரை கூரைகள் பறந்ததை மூத்தவர்கள் சொல்வார்கள். ஓடோ சீட்டோ, சுவரின் தலையில் படுத்திருக்கும் மரத்தைச் சுவருக்குள் இறக்கிய இரும்புக் கம்பியோடும், கைமரங்களை அந்த மரத்தோடும் கட்டிவிடுங்கள். உடைந்த பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை உடைத்து அகற்றாமல், தண்ணீர் தெளித்து முழுதாக இறக்குங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

புதிதாகக் கட்டத்தான் வேண்டுமென்றால்

சில வீடுகள் திருத்த முடியாதவை. அவற்றில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கடலுக்கு மிக அண்மையில் நின்ற வீடுகளில் பழையது, புதியது என்று அலை பார்க்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள். உயரமான, தூரமான இடம் கிடைக்குமானால் அதை இலேசில் தட்டிவிடக் கூடாது.

புதிய வீட்டின் எதிரி உப்பு. கடல் மணலில் கொங்கிறீட் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கிக் கொங்கிறீட்டைப் பிளக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கலவைக்கு வேறு தண்ணீர் எடுங்கள். கம்பிக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கொங்கிறீட் இருக்கிறதா என்று கொட்டுவதற்கு முன்னர் நீங்களே அளந்து பாருங்கள். கொட்டிய பின்னர் ஏழு நாட்களாவது ஈரமாக வைத்திருங்கள்.

உறுதி யாருடைய பெயரில்?

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே உம்மாவும் வாப்பாவும் வீட்டை அவள் பெயருக்கு எழுதுவார்கள், அல்லது புதிதாகக் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். தமிழ்க் குடும்பங்களிலும் இதே வழக்கம் உண்டு. கணவன் விட்டுப் போனாலும், மௌத்தானாலும், அவள் தலைக்கு மேலே கூரை இருந்தது இந்தச் சீதன வீட்டினால்தான்.

கடல்கோளுக்குப் பின்னர் உதவி நிறுவனங்களும் அலுவலகங்களும் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று கேட்டன. பல இடங்களில் அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது; புதிய வீடும் அவர் பெயருக்குப் போனது. அலை கொண்டுபோனது மனைவியின் வீடு. திரும்பி வந்தது கணவனின் வீடு. பெரும்பாலான குடும்பங்களில் இதனால் சண்டை வராமல் இருக்கலாம். சண்டை வந்த குடும்பத்தில் அவளிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது.

ஆகவே பழைய வீட்டை இடிக்கவோ, அதை விட்டு வேறிடத்தில் வீடு ஏற்கவோ முன்னர் வீட்டுக்காரியின் கேள்வி ஒன்றாக இருக்கட்டும்: "புதிய வீட்டின் உறுதி யாருடைய பெயருக்கு?" பதிலை எழுத்தில் கேளுங்கள். படிவத்தில் உங்கள் பெயரும் எழுதப்பட வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். "காக்கா பார்த்துக்கொள்வார்" என்பது காணி விடயத்தில் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் கொப்பித் தாளும் செல்லாது.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுக்கலாம். பழைய இலக்கம் இல்லாவிட்டாலும் உம்மம்மாவின் பெயர், காணியின் பெயர், நான்கு எல்லைகள் தெரிந்தால் தேடல் தொடங்கும். நொத்தாரிசு உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒரு பிரதி இருக்கக்கூடும். வேறு யாராவது உங்கள் வீட்டில் குடியிருந்தால் தாமதிக்க வேண்டாம்: ஒருவர் பத்து வருடங்கள் தடையின்றி, தனக்கே உரியதாக ஆண்டு வந்தால் உரிமை கோர நம் சட்டம் இடம் கொடுக்கிறது. இடம்பெயர்ந்திருந்த காலம் தொடர்பாக விசேட ஏற்பாடுகள் உண்டு; அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வேறிடத்தில் வீடு தரப்படும் என்ற வாக்கை மட்டும் வைத்துப் பழைய வளவைக் கைவிட வேண்டாம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கடல்கோளால் பாதிக்கப்பட்டோருக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கி, அவை பல வருடங்கள் பூட்டியே கிடந்தன. சாவி கைக்கு வரும்வரை பழைய வீட்டின் கதவு உங்களுடையதாக இருக்கட்டும்.

விலை கேட்டு வருபவர்கள்

அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருபவர்கள் கூடியதிலிருந்து வளவுகளுக்கு விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பேசுவது நிலத்தின் விலை. இடிந்த வீட்டை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது; உள்ளே முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த பழைய வீடுகள் உண்டு. அவற்றில் பல இன்று கைமாறி, பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. நம் வீடுகள் கோட்டை வீடுகளல்ல. ஆனால் ஓட்டுக் கூரையும் திண்ணையும் உள்ள வீட்டில் தங்கப் பணம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை வாங்க வருபவர் அறிவார். நீங்களும் அறிந்துகொண்டு பேசுங்கள்.

மிகப் பழைய வீடென்றால், தொல்பொருள் சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்கள் தொல்பொருட் சின்னங்களாகக் கொள்ளப்படும். 100 வருடங்களைக் கடந்தவற்றையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம். நம் வீடுகளில் மிகச் சிலவற்றுக்கே இது பொருந்தும்.

மாரிக்கு முன்னர்

நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி வரை சுண்ணாம்பும் காயாது, மணல் லொறியும் வளவுக்குள் வராது. ஆகவே தையில் வீட்டைப் பார்த்து, மாசி பங்குனிக்குள் மதிப்பீட்டையும் அனுமதியையும் முடித்து, கோடையில் வேலையைத் தொடங்கி, ஒக்டோபருக்குள் கூரையை மூடிவிடப் பாருங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் போகும்போது அடையாள அட்டை, உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, இடம்பெயர்ந்தோர் பதிவு, வீட்டின் நான்கு பக்கமும் எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். படங்களை எதையும் துப்புரவாக்க முன்னரே எடுத்துவிடுங்கள். துப்புரவான பிறகு சேதம் எவ்வளவு என்று காட்ட முடியாது. கூட்டு உறுதி என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். சகோதரிகள் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் கட்டாரிலும் இருந்தால் அந்தக் கடிதத்துக்கே இரண்டு மாதம் போகும். அதை இன்றே கேட்டு எழுதுங்கள்.